திறந்த காரில் மாப்பிள்ளை

போன வியாழக்கிழமை சாயங்காலம், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில், நூறு பேர் பார்க்க ஒரு மனிதரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுப்பியது என் தம்பி ரகு. போனவர் அவனுடைய டிரைவர் ஏழுமலை. காரணம் நான்.

கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த வாரமும் ஏதாவது சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பேன் என்று காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து காபியை முதலில் குடித்து முடித்துவிடுங்கள். சூடு எனக்கே போதுமான அளவு இருக்கிறது.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வினையே அதில்தான் ஆரம்பம்.

ரகு அடையாறில் இருக்கிறான். நடத்திக்கொண்டிருந்த கம்பெனியை யாரோ நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். விற்ற கையோடு இவன் ஒரு கார் வாங்கினான். எஸ்யூவி. அதாவது காடு, மேடு, ஆறு எல்லாம் தாண்டுவதற்காக உயரமாகச் செய்த வண்டி. ஆனால் பட்டனை அழுத்தினால் அதன் துணிக் கூரை மடிந்து மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கதவு இரண்டே இரண்டு. பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டைச் சாய்த்து, காலைத் தூக்கி, புடவையைப் பிடித்துக்கொண்டு... வேண்டாம், அந்தக் காட்சியை விவரிக்கப் போவதில்லை.

"காட்டுக்குள்ள போற வண்டிக்கு ஏன்டா கூரை இல்லை? கூரை இல்லாத வண்டி எதுக்குடா காட்டுக்குள்ள போகணும்?" என்று கேட்டேன்.

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது. லைஃப்ஸ்டைல்" என்றான்.

லைஃப்ஸ்டைல்! எந்த ஊரில்? ஒன்பது மணிக்கு மேல் திறந்தால் மண்டை வேகும். லஸ் பக்கம் திறந்தால் மெட்ரோ வேலைத் தூசி வாய்க்குள் போகும். மரத்தடியில் திறந்தால் காக்கை. ஐப்பசி கார்த்திகையில் மழை. கணக்குப் பார்த்தால் இந்த ஊரில் அந்தப் பட்டனை அழுத்தக் கிடைக்கிற நேரம் காலை ஆறிலிருந்து ஆறரை வரை. மீதி நேரமெல்லாம் கூரையை மூடி, கண்ணாடியை ஏற்றி, ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறான். நான் போகிற ஷேர் ஆட்டோவில் இதைவிட நல்ல காற்று வருகிறது.

பொய் சொல்லக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் பெசன்ட் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனான். பீச் ரோட்டில் கூரை திறந்தது. நல்ல உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கடல் காற்று முகத்தில் அடிக்கிறது, வாக்கிங் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. தலைப்பைச் சரிசெய்துகொண்டு உற்சவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காற்று வாங்குவதற்காக யாரும் இந்த வண்டியை வாங்குவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. காற்று அதே பீச்சில் மணலில் உட்கார்ந்தாலும் வரும். நாலு பேர் பார்க்க வேண்டும். தாழ்வான கார் என்றால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும், பாவம். இது உயரம். எல்லோர் கண்ணுக்கும் நேராகத் தெரியும்.

பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு. ஒருநாள் தி. நகர் சிக்னலில் பெருமையாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பக்கத்தில் பஸ். ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "இன்னா தலைவா, வண்டி மூடிய காணோம்? எங்கனா வுழுந்துட்ச்சா?" என்று கேட்டானாம். பஸ்ஸே சிரித்ததாம். இதை ரகு சொல்லவில்லை. ஏழுமலை சொன்னார்.

ஏழுமலைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒன்பது வருஷமாக ரகுவிடம் வண்டி ஓட்டுகிறார். முன்பு அடையாறு ஆற்றங்கரையில் குடியிருந்தார். ரகு வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவார். ஆற்றங்கரையைக் காலி செய்யச் சொல்லி எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ரகுவின் அரை மணி நேர லைஃப்ஸ்டைலுக்காக இவர் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஒருமுறை, "கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இன்னா கஷ்டம் மேடம்? சாரு டாப்பத் தொறக்கறாரு. காக்கா எச்சம் போடுது. நான் தொடைக்கிறேன். மூணு பேருக்கும் வேல கீதுல்ல" என்றார்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

கல்யாணம் எங்கள் தங்கை பிள்ளைக்கு. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் வீடுகளில் ஜானவாசம் என்போம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, பிள்ளையார் கோயிலிலிருந்து நாதஸ்வரத்தோடு திறந்த காரில் மண்டபத்துக்கு அழைத்து வருவது. சென்னையில் திறந்த காருக்கு நியாயமாக ஒரு வேலை உண்டென்றால் அது இதுதான். அந்தக் காரில் மாப்பிள்ளையைச் சுற்றி இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் அடைத்துக்கொண்டு போக வேண்டும். ஜானவாசக் காரில் ஏறாமல் வளர்ந்த குழந்தை எங்கள் உறவிலேயே கிடையாது. ரகுவும் ஏறியிருக்கிறான். ஏறி, வாந்தி எடுத்திருக்கிறான்.

பெண் வீட்டுக்காரர்கள் தாழ்வாக, அழகாக ஒரு பழைய திறந்த காரை வாடகைக்குச் சொல்லியிருந்தார்கள். ரகு அதை நிறுத்திவிட்டான். "மாமா கார் இருக்கறச்சே வாடகைக் கார் எதுக்கு?" என்று ஒரே பிடிவாதம். கூடவே ஒரு கண்டிஷன்: "பின்னாடி மாப்ளை மட்டும்தான். பசங்க யாரும் ஏறப்படாது. சீட்டெல்லாம் க்ரீம் கலர்."

ஊர்வலம் கிளம்பியது. வண்டி உயரம், பக்கத்துக் கதவும் உயரம், மாப்பிள்ளை சுமாரான உயரம். வெளியே தெரிந்தது அவன் தலையும் டையின் முடிச்சும். "மாப்ளை எங்கே? மாப்ளை எங்கே?" என்று மாடியிலிருந்து ஒரு மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். ரகு நாதஸ்வரத்துக்கும் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, போனில் காரை ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையை எடுத்தானா என்று தெரியவில்லை.

வண்டிக்குப் பின்னால் ஆறு குழந்தைகள் நடந்து வந்தார்கள். பட்டுப்பாவாடை தடுக்கித் தடுக்கி. முன்னால் காலி சீட்டுகளோடு ஒரு திறந்த கார். நாலு வயசுப் பெண் ஒன்று என் கையைப் பிடித்து இழுத்து, "நாங்க ஏன் ஏறக் கூடாது?" என்றது. உங்களிடம் பதில் இருக்கிறதா?

எடுத்த ரீல்ஸை ஏற்றுவதற்காக ரகு முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டான். வண்டி ஒரு திருப்பத்தில் நின்றபோது ஏழுமலையிடம் போனேன். "குழந்தைகளை ஏத்திக்கோங்க."

"சாரு வேணான்னாரு மேடம். திட்டுவாரு."

"ரகுகிட்ட நான் பேசிக்கறேன். ஏத்துங்க."

ஒரு நிமிஷம் யோசித்தார். இறங்கினார். தோளில் இருந்த துண்டை எடுத்துப் பின் சீட்டில் விரித்தார். ஒவ்வொரு குழந்தையாகச் செருப்பைக் கழற்றச் சொல்லி, தூக்கி உள்ளே விட்டார். பன்னிரண்டு செருப்பையும் தன் சீட்டுக்குப் பக்கத்தில் கீழே அடுக்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அது ஜானவாசம் மாதிரி இருந்தது. மாப்பிள்ளையே அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

மண்டப வாசலில் ஆரத்தி. மாப்பிள்ளை இறங்கி நிற்க வேண்டும். ஆனால் அந்த வண்டியிலிருந்து இறங்குவது ஒரு தனிக் கலை ஆயிற்றே... போட்டோகிராபர், "இறங்க வேணாம் சார், வண்டியிலயே எடுத்துடலாம், சூப்பரா வரும்" என்றார். தட்டின் ஒரு பக்கம் பெண் வீட்டு மாமி, மறுபக்கம் நான். எட்டவில்லை. எக்கினோம். கதவுக்கு மேல் தூக்கிச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் என் பக்கம் கை தளர்ந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், பாதிக்கு மேல், உள்ளே போயிற்று. துண்டின் மேல் கொஞ்சம், துண்டைத் தாண்டி க்ரீம் கலரின் மேல் மீதி.

குழந்தைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது ரகு வந்தான். சீட்டைப் பார்த்தான். குழந்தைகளைப் பார்த்தான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக ஏழுமலையிடம் போனான்.

"எத்தனை தடவை சொன்னேன்? அறிவு வேண்டாம்? நாளைலேர்ந்து வராதே."

நாதஸ்வரக்காரர்கள் பார்க்கிறார்கள். சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள். ஒன்பது வருஷம் வேலை செய்தவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். "மேடம்தான் சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் மூன்றடி தூரத்தில்தான் இருந்தேன்.

நான் போனேன். "ரகு, குழந்தைகளை ஏத்தச் சொன்னது நான். ஆரத்தியைக் கொட்டினதும் நான்தான்டா."

அவன் முகம் அப்படியே மாறியது. "அடடா, நீயா? பரவால்லக்கா. ஷோரூம்ல குடுத்தா க்ளீன் பண்ணிடுவா. நீ ஏன் டென்ஷன் ஆற? உள்ள போய் டிஃபன் சாப்பிடு."

அதே சீட்டு. அதே கறை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்த கறை, அக்கா கொட்டினாள் என்றதும் பரவாயில்லை ஆகிவிட்டது!

"அப்ப ஏழுமலை?"

"அது வேற விஷயம்க்கா. யார் சொன்னாலும் என்னைக் கேக்காம ஏத்தினது தப்பு. டிஸிப்ளின் வேணும்."

டிஸிப்ளின். எனக்குப் பரவாயில்லை, அவருக்கு டிஸிப்ளின். இந்த ஊரில் எத்தனை வீட்டு வாசலில் இது தினமும் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்க வேண்டாம், உங்கள் வீட்டு வாசலையே பாருங்கள். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் கத்தத் தொடங்கினேன். தங்கை வந்து கையை அழுத்தினாள். "அக்கா, இது என் பிள்ளை கல்யாணம். இன்னிக்கு வேண்டாம், ப்ளீஸ்." அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழுமலை செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் குழந்தைகளின் காலடியில் வைத்தார். பின் சீட்டிலிருந்து தன் துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

நான் உள்ளே போய் டிஃபன் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். தம்பியை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை காலை அவருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, பெரிய வார்த்தைல்லாம் எதுக்கு மேடம்? மாப்ள நல்லாக்கீறாரா?" என்றார்.

"ஏழுமலை, ரகு இப்ப கோபம் தணிஞ்சிருப்பான். நான் மறுபடியும் போய்ப் பேசறேன்."

"வேணா மேடம். தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பேசிக்கறேன்னு சொன்னீங்கன்னுதான் ஏத்துனேன். நீங்களும் பேசுனீங்க, நான் இல்லேங்கல. உங்கள சாரு ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் வேல பூட்ச்சி. இன்னொருவாட்டி பேசிகினு இருக்காதீங்க மேடம்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

சரி. தம்பியிடம் பேசவில்லை. உங்களிடம் பேசுகிறேன். ஏழுமலைக்கு வேலை வேண்டும். கியர் வண்டி, கியர் இல்லாத வண்டி இரண்டும் ஓட்டுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. குழந்தைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்குவார். அதற்கு நான் சாட்சி. மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு... எங்கே என்றாலும் வருவார். தேவைப்படுகிறவர்கள் இந்தப் பத்திரிகைக்கு என் பேருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சின்ன கார், பழைய கார் எதுவானாலும் சரி — கூரை மட்டும் இருக்கட்டும்.