எஞ்சின் சூடு

என் அக்கா வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். பாதி ஆயுளை எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து கழித்தவர். கழிவறையில் ரத்தம் பார்த்தபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "சூடு மாப்ள. அந்த சீட்டுல ஒரு நாள் உக்காந்து பாரு, தெரியும்" என்றார் என்னிடம். பணிமனையில் எல்லாருக்கும் அதே சூடுதான். தலைவலி, கண் எரிச்சல், கோபம், எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுவார்கள்.

தெருமுனை டாக்டர் படித்தவர்தானே, அவராவது பார்த்திருக்கலாம். "டிரைவரா? அப்ப மூலம்தான்" என்று நாற்காலியை விட்டு எழாமலே களிம்பு எழுதிக் கொடுத்தார். ரத்தம் சொட்டுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா, சளி மாதிரி போகிறதா, போய் வந்ததும் மறுபடி போகவேண்டும்போல் இருக்கிறதா? ஒரு கேள்வி இல்லை. கையுறை மாட்டி ஒரு விரலால் தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. அங்கே கை வைக்காதவர்தான் அவருக்கு நல்ல டாக்டர். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஒரு வருடம் களிம்பைத் தடவிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

பெல்ட்டில் புதுசாக ஓட்டை போடும் அளவுக்கு இளைத்த பிறகுதான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி விரலால் பார்த்தார். முகம் மாறிவிட்டது. குழாய் விட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குடலின் கடைசிப் பகுதியில் புற்று.

"கட்டியோட சுத்தியிருக்கிற நல்ல குடலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டணும்" என்றார் டாக்டரம்மா. "கட்டி மேல இருந்தா ரெண்டு முனையையும் இழுத்துத் தைச்சிடலாம். இது மலத்தை அடக்கி வைக்கிற தசையிலேயே ஏறிடுச்சு. கீழ்வழியை மூடிட்டு, வயித்துல மலம் வெளிய வர வழி வெக்கணும். அதுல பை மாட்டிக்கணும்."

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் மாமா.

"எப்பவுமேதான்."

அவர் சாவுக்குப் பயப்படவில்லை. "வண்டி நிறைய ஜனம். நாத்தம் அடிச்சா நான் எப்படி ஓட்டுவேன்?" என்று என்னிடம் கேட்டு அழுதார். முன்னாலேயே வந்திருந்தால்? அதை நான்தான் கேட்டேன். தசையைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். பை மாற்ற அக்கா பழகிக்கொண்டாள். ஒரு நாள் மாற்றிக்கொண்டே கேட்டாள்: "ரத்தம் வருதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "என் துணியைத் துவைக்கிறது யாரு? ஒரு வருஷமா கறையைப் பார்த்தியே, நீ கேட்டியா?"

அக்கா பையின் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள்.

"கேட்டா கோவப்படுவீங்கன்னு பயந்தேன்."

கோபப்பட்டுத்தான் இருப்பார். எனக்குத் தெரியும்.