பூட்டுவதற்கு முன்

ஓரிக்கையில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டின் சொந்தக்காரர் அவர். வெளிநாட்டில், அணுத்துகள்களை அதிவேகத்தில் ஓடவிடும் துகள் முடுக்கி ஒன்றில் ஆராய்ச்சியாளர். பூமிக்கடியில் நீண்ட சுரங்கத்துக்குள் பாயும் துகள் கற்றை வழி விலகாமல் போகிறதா என்று அளப்பது அவர் வேலை. ஒல்லியான உடம்பு; அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். அம்மாவின் காரியத்துக்கு வந்தவர், மறுநாள் திரும்புவதாகச் சொன்னார்.

வீட்டைக் காட்டி முடித்ததும் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, "யார்னா இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டார். சற்றுக் காத்திருந்த பிறகே கதவைச் சாத்தினார்.

"காலி வீடுதானே சார்?" என்றேன்.

"பழக்கம்பா. மெஷின் ஆன் பண்றதுக்கு முன்னாடி டனல் பூரா நடந்து இப்படித்தான் கேக்கணும். உள்ள யார்னா மாட்டிக்கினா கதிர்வீச்சுல செத்துடுவாங்க."

அடுத்த அறையிலும் கேட்டுச் சாத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"அம்மா தவறிப்போன அன்னிக்கும் கேட்டுக்கினுதான் நடந்தேன். டனல்ல சிக்னல் இருக்காது. மேல வந்து பாத்தா, அம்மா ஆறு வாட்டி போன் பண்ணியிருந்தாங்க."

கடைசியாக, அவர் அம்மா இருந்த பின்னறை. அங்கே அவர், "அம்மா?" என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் நின்றார். பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது பூட்டும்போதெல்லாம் நானும் கேட்கிறேன். பின்னறையில் மட்டும் கேட்கத் துணிவு வரவில்லை.