ஒரே ஊசியில் மூன்று சீட்டுகள்

பிரேமலதா இறந்துவிட்டார் என்று அலுவலக உதவியாளர் போனில் சொன்னபோது உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். முந்தின நாள் மதியம்கூட எனக்கு எதிர் மேசையில் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்.

எங்கள் கல்லூரியின் பூச்சிக் காட்சியறையில் பதினாறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே பெயரெழுதிய சிறு சீட்டு இருக்கும். பெயர் தவறென்று பின்னால் தெரிந்தாலும் பழைய சீட்டை எடுக்க அவர் விடமாட்டார். திருத்தத்தைத் தனிச் சீட்டில் எழுதி அதே ஊசியில் கோர்க்க வேண்டும். அந்தப் பிடிவாதம் அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்குள் மனத்தாங்கல் வந்ததும் அப்படியொரு சீட்டால்தான். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரண்டு நீள்கொம்பு வண்டுகளைப் பிடித்து வந்தேன். ஒன்றின் மீசை உடம்பைத் தாண்டி நீண்டிருந்தது, மற்றதற்குக் குட்டை. ஆணும் பெண்ணும், இனம் ஒன்றே என்று எழுதிவைத்தேன். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு, ஒன்றின் தோள் முள் நேராகவும் மற்றதன் முள் வளைந்தும் இருப்பதால் இரண்டும் வேறு வேறு இனம் என்றார். வெளியூர் ஆய்வாளர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் சீட்டைக் கோர்க்க எடுத்தார். எனக்கு முகம் செத்துவிட்டது. என் சீட்டைக் கிழிக்கப் போனேன்.

"கிழிச்சுப்போடாதீங்க சார். நாளைக்கு என்னுது தப்புன்னு ஆனாலும் ஆகுமுங்க" என்று தடுத்தார்.

ஒப்புக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதன்பின் வேலைப் பேச்சோடு நிறுத்திக்கொண்டேன். மத்தியானம் அவர் நீட்டும் அரிசிம்பருப்பு சாதத்தையும் வேண்டாமென்றேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் செய்தேன்.

ஒருநாள் அவரே வந்து, "சார், ஒருக்கா அந்த மாந்தோப்பு வண்டுப் பெட்டியத் தொறந்து பாருங்க" என்றார். வேலை இருக்கிறது என்றேன். அடுத்த வாரமும் சொன்னார். பிறகு சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஊசிகளிலும் மூன்றாவதாக ஒரு சீட்டு, அவருடைய பொடிக் கையெழுத்தில்: "நிறைய வண்டுகள் பார்த்தேன். முள்ளின் வளைவு வண்டுக்கு வண்டு மாறுகிறது. ஆண், பெண்; ஒரே இனம். முதல் சீட்டே சரி." மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டுதான். அதைப் படிக்க என் நாற்காலியிலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும். மூன்று வருடமாக நான் நடக்கவில்லை.