உப்புக் கடித்த புண் என்றிருந்தேன்

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புண் புதிதில்லை. குதிகால் வெடிக்கும், விரலிடுக்கு அரிக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு அடுத்த நாள் பாத்தியில் இறங்கிவிடுவோம். அதனால் அந்தரங்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு வந்து, சிறுநீர் போகும்போது உயிர் போக எரிந்தபோதும் உப்புத்தான் என்று இருந்துவிட்டேன். என் மனுசனின் அம்மா, மாமியும் அதையே சொன்னார். முப்பது வருசத்துக்கு மேல் உப்பு வாரிய மனுசி, அவருக்குத் தெரியாத புண்ணா?

மாரி வந்து பாத்திகளெல்லாம் மழைத்தண்ணீரில் கிடந்தன. நான் ஆறு மாத வயிற்றோடு வீட்டில் இருந்தேன். உப்பைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல். அப்போதும் அதே இடத்தில் வந்தது: முதலில் தொடையில் ஒரு விறுவிறுப்பு, பிறகு அரிப்பு, பிறகு கீறல். எனக்குக் கோபம்தான் வந்தது. தொடாத உப்பு எப்படிக் கடிக்கும்? ஆறட்டும், பிறகு போகலாம் என்றார் மாமி. ஆறினபிறகு டொக்டரிடம் எதைக் காட்டுவது? அன்றைக்கே புத்தளத்துக்கு பஸ் ஏறினேன்.

லேடி டொக்டர் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹெர்பீஸ் என்று வந்தது, உறவில் தொற்றுகிற ஒரு கிருமியாம். கொப்புளமே வரவில்லையே என்றேன். எல்லாருக்கும் கொப்புளம் வராதாம். சிலருக்குக் கீறல், சிலருக்கு வெறும் அரிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாதாம். வருசக்கணக்காக உடம்பில் சும்மா கிடக்குமாம், யாரிடமிருந்து வந்தது என்று புண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதாம். அதைக் கேட்டிராவிட்டால் என் மனுசனை அன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். கடைசி மாதம் விழுங்கக் குளிசை தந்துவிட்டு, டொக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"பிரசவ வலி வாற நேரம் அந்த இடத்துல ஏதும் இருந்தா பிள்ளைக்குத் தொத்தலாம். பக்கத்துல யார் நிண்டாலும் வாய் திறந்து சொல்லணும்."

வலி வந்த நாள் மாமிதான் கூட வந்தார். வேறு வருத்தம், நோய் ஏதும் உண்டா என்று நர்ஸ் கேட்க, ஒன்றுமில்லை என்று மாமி முந்திக்கொண்டார். எனக்கும் வெட்கம்தான். பிறகு நினைத்தேன், பிள்ளையை விடப் பெரிதா இந்த வெட்கம்?

"எனக்கு ஹெர்பீஸ் இருக்கு மிஸ். காலையிலேந்து அந்த இடம் அரிக்குது. முதல்ல அதப் பாருங்க."

பார்த்தார்கள். கீறல் இருந்தது. ஒப்பரேஷன் செய்து மகளை எடுத்தார்கள், சுகமாக இருந்தாள்.

மூன்று நாள் மாமி என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் வரும் மகள். உப்பு எண்டே இருந்துட்டேன்."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். உன் மனுசனைப் பெற முந்தியே என்றார். அடுத்த முறை அவருக்கு அரிப்புத் தொடங்கிய அன்றைக்கே புத்தளம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை இருத்தி, இறங்கி ஓடிவிடாதபடி வழியை மறித்து நான் இருந்துகொண்டேன்.