எட்டு மீட்டர் பேனரும் இரண்டு மீட்டர் காலியிடமும்

ஜொல்லா மாகாணத்தின் அந்தச் சிற்றூரில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தத் தேர்வில் தேறினாலும், தக் மி-சுக்கின் கணினி ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். ஐம்பத்திரண்டு வயதுப் பேனர் கடைக்காரி. இருபது ஆண்டுகளில் நான்கு நீதிபதிகளையும் எண்ணற்ற அரசு எழுத்தர்களையும் வாழ்த்துப் பேனராக்கி மின்கம்பங்களுக்கு நடுவே தொங்கவிட்டவள்.

அன்று காலை ஊர்த்தலைவர் போங் கைபேசியோடு வந்தார். பழத்தோட்டத்தில் வேலை செய்யும் சூன்-ரேயின் மகள் மின்-சோல் டாக்டராகிவிட்டாள்; நான்கு மணிப் பேருந்தில் வருகிறாள். அதற்குள் ஊர் முகப்பில் எட்டு மீட்டர் பேனர் ஏறியாக வேண்டும்.

"படம் இதுதானா தலைவரே? சாட்டுல கைமாறிக் கைமாறித் தேஞ்சிருக்கு. ரெண்டு மீட்டருக்கு இழுத்தா முகம் கட்டங்கட்டமாயிடும்."

"இழுத்துத்தான் பாரேன்!"

இழுத்தாள். டாக்டரின் மூக்கு பதினொரு சதுரங்களாயிற்று.

தலைவர் கனைத்தார். "என் தேர்தல் படம் ஸ்டுடியோவுல எடுத்தது. ஃபைலும் பெரிசு. அவ படத்த எடுத்துட்டா வர்ற காலியிடத்துல..."

"நீங்க எந்தப் பரீட்சை பாஸ் பண்ணீங்க?"

அந்த நேரத்தில் சேற்றுக் காலணியோடு சூன்-ரே நுழைந்தாள். திரையில் இருந்த வாசகம் வழக்கப்படி தகப்பன் பெயரில் இருந்தது: 'பியோ சாங்-ஹோவின் மகள்'. பியோ பதினெட்டு வருடங்களுக்கு முன் கரோக்கி கடைக்காரியோடு பூசான் நகருக்குப் போனவன். இன்னும் வந்து சேரவில்லை.

"அவன் பேரா? பொண்ணு என்ன படிச்சான்னு அவனக் கேளு, சொல்லுவானா? பதினெட்டு வருஷமாப் பழத்தோட்டத்துல குனிஞ்சவ நானு. என் பேரப் போடு மி-சுக்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல அக்கா," என்ற தலைவர், பெரியவர்களிடம் போனில் கேட்டுவர வெளியே போனார்.

மி-சுக் மூக்கோடு படத்தையும் பியோவின் பெயரையும் அழித்தாள். காலியிடம் முழுக்க 'ஓக் சூன்-ரேயின் மகள்' என்று முழங்கால் உயரத்துக்கு எழுத்தை ஏற்றினாள். கயிறு கோர்க்க ஓரம் விட்டாள், திரையின் சிவப்பை மையின் சிவப்பாக மாற்றினாள், எழுத்தையெல்லாம் 'கர்வ்' ஆக்கி அச்சுக்கு அனுப்பினாள்.

தலைவர் திரும்பிவந்து அலறினார். "பியோ எங்க?"

"கர்வ் ஆயிடுச்சு தலைவரே. இனி அது எழுத்தில்ல, படம். யாரு வந்தாலும் திருத்த முடியாது."

திருத்தக்கூடிய நகல் ஒன்று கணினியிலேயே இருந்தது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அவள் தொழிலில் சேராது.

"அப்போ நான்?"

"'ஊர்மக்கள் அனைவரும்'னு அடியில இருக்கே. அதுல நீங்களும் ஒருத்தரு."

மூன்றரைக்கு ஊர் முகப்பில் பேனரின் ஒரு முனைக் கயிற்றைச் சூன்-ரே யாரிடமும் கொடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் இறுக்கு மி-சுக்! காத்துல என் பேரு மடங்கக் கூடாது."