ஞண்டு என்று சொன்ன ஸ்டெல்லா

பெசன்ட் நகரில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் வினாடி வினா நடத்தியவன் நான். தமிழில் என்னை மடக்க ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

"'ஞ'வில் தொடங்கும் உயிரினம் ஒன்று?" என்றேன். நான் எதிர்பார்த்த விடை ஞமலி, அதாவது நாய்.

இங்கே சமையல் வேலை செய்யும் நாகர்கோவில்காரரான ஸ்டெல்லா எழுந்து, "ஞண்டு" என்றார்.

"அது நண்டும்மா!" என்றேன் மைக்கில். கூட்டமே சிரித்தது.

"எங்க ஊர்ல ஞண்டுதான் சார்" என்று சொல்லிவிட்டு, முகம் வாடி உட்கார்ந்தார்.

மறுநாள் மனம் உறுத்த, கோட்டூர்புரம் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். 'ஞண்டு: நண்டு' என்றே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்பும், "ஸ்டெல்லா சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன்.

"அப்போ பரிசு எனக்குத்தானே சார்?" என்றார் அவர், சட்டென்று.

கொடுத்தேன். இப்போதும் நான்தான் கேள்வி கேட்கிறேன். எனக்குத் தெரியாத விடை வந்தால், சிரிப்பதற்கு முன் சொன்னவரின் ஊரைக் கேட்கிறேன்.