விழுந்தவருக்கு இன்ஷூரன்ஸ், கீழே நின்றவளுக்கு?

சென்ற கோடையில் ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் நெசவாளர் தெருவை ஒட்டிய வற்றிய ஏரிக்கு வந்தார். பெரிய துணி இறக்கையை மாட்டிக்கொண்டு பறந்து காட்டுவாராம். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தால் மேலே கிளம்புமாம். ஏற்பாடு எங்கள் வார்டு பிரமுகருடையது.

"தெருவுல பாவு நீட்டிக்கினு இருக்கோம். இதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"ஸ்கூட்டருக்கே லைசென்ஸ் வேணும், தொரைக்கு இல்லாமலா? இன்ஷூரன்ஸும் இருக்குது, போய்யா!"

கிளம்பிய இறக்கை காற்றில் சாய்ந்து எங்கள் தெருவுக்கே வந்தது. தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு நூல், அதுதான் பாவு, அதன் அருகே என் மனைவி நின்றிருந்தாள். பாவு நூலை யாரும் தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த நேரத்திலும் அவள் தாண்டாமல் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவள் நின்ற இடத்திலேயே இறக்கை விழுந்து, பாவு அறுந்தது.

பிரமுகர் செருப்புக் காலோடு அந்த நூலை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தொரைக்கு ஒண்ணும் ஆவலியே?"

சுவரோரம் ஒண்டி நின்ற என் மனைவியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துரையிடம் இருந்தது அவர் நாட்டில் கார் ஓட்டும் லைசென்ஸ் என்று அங்கேயே விசாரித்ததில் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் அவருடைய எலும்புக்கு மட்டுமாம். காறித் துப்பியிருப்பேன், கீழே பாவு கிடந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் லைசென்ஸ் என்று யார் சொன்னாலும் நான் அதோடு விடுவதில்லை. போன வாரம் அதே பிரமுகர் ரங்கராட்டினம் போட இடம் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தார்.

"முதல்ல செருப்பக் கழட்டு. அப்பறம், அது சாஞ்சா கீழ நிக்கறவங்களுக்கு இன்னா வழின்னு சொல்லு" என்றேன்.

செருப்போடேயே திரும்பிப் போனார்.